உப்புக்கரையில் யாருக்கும் பயமில்லை

மாநிலத்தில் கட்டப்பட்டுவந்த அனல் மின் நிலையங்களில் உப்புக்கரை ஒன்றில்தான் வேலை குறித்த காலத்துக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. மற்ற எல்லா இடங்களிலும் பின்தங்கியிருந்தது. அதனாலேயே எப்சிபாவை அங்கே அனுப்பினார்கள். குற்றம் கண்டுபிடிக்க அல்ல, அங்கே என்ன செய்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு வந்து மற்ற இடங்களுக்கும் சொல்லிக்கொடுக்க.

எப்சிபா மின் திட்டக் கண்காணிப்பு ஆணையத்தில் களப் பொறியாளர். புதிய மின் நிலையங்களுக்குப் போய், எந்த வேலை எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று பார்த்துச் சென்னைக்குச் சொல்ல வேண்டும். அந்த வேலைக்குத் தான் பொருத்தமில்லாதவள் என்று அவளே பலமுறை நினைத்திருக்கிறாள். உயரம் அவளுக்கு ஆகாது. இரும்புப் படிகளில் ஏறும்போது ஒரு கை கம்பியை இறுகப் பிடித்த பிறகுதான் மறு கையை எடுப்பாள். கண்ணைத் தன் விரல்களைவிட்டு அகற்ற மாட்டாள். உதட்டுக்குள் ஞாயிறு பள்ளிப் பாட்டு ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். கூட வருபவர்கள் கேலி செய்வார்கள். அவளும் சிரித்துவிட்டு, அப்படியே ஏறி, அப்படியே இறங்குவாள். பத்து வருடமாக அப்படித்தான்.

உப்புக்கரையில் வண்டியைவிட்டு இறங்கியதும் அவள் அண்ணாந்து பார்த்தாள். பாய்லரைத் தாங்கப்போகும் இரும்புச் சட்டகம் இருபது மாடி உயரத்துக்கு எழுந்து நின்றது. அதன் உச்சியில், ஓர் அடி அகலமுள்ள உத்தரத்தின் மேல் ஓர் ஆள் நடந்துபோனான். இடுப்பில் பாதுகாப்பு பெல்ட் இல்லை. கையில் டீ டம்ளர். கடல் காற்று அவன் சட்டையைப் பிடித்து இழுத்தது. பாதி வழியில் நின்று ஒரு வாய் குடித்தான். மிச்சத்தை அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவனிடம் கொடுத்துவிட்டு, முதுகுப் பக்கமாகவே நாலு எட்டு நடந்து திரும்பினான்.

எப்சிபா வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டாள். சுற்றியிருந்தவர்களில் ஒருவர்கூட மேலே பார்க்கவில்லை.

“யாரும் பெல்ட் போடறதில்லையா?” என்று கேட்டாள்.

அவளை வரவேற்க வந்திருந்தவர் சபரிநாதன், ஒப்பந்த நிறுவனத்தின் திட்ட மேலாளர். கோவைக்காரர், மென்மையாகப் பேசுபவர். “குடுத்திருக்கறமுங்க. மாட்டறதுக்கும் கழட்டறதுக்கும் நேரமாகுதுன்னு போடறதில்லீங்க. உள்ள வாங்க, காட்டறேன்” என்றார்.

அறைக்குள் அவர் காட்டியது விரல் நீளத்துக்குத் தோல் நிறத்தில் ஒரு பட்டை. எடையே இல்லை.

“இதைக் காதுக்குப் பின்னால ஒட்டிக்கறதுங்க. மூளையில பயம் கிளம்பற இடத்தை அமத்தி வெக்கும். அவ்வளவுதான். புத்தி மங்காது, தூக்கம் வராது. கை நடுங்காது. மேல ஏறுனா தலை சுத்தாது.”

“எப்பவும் போட்டிருப்பாங்களா? வீட்டுலயும்?”

“ஆமாங்க. வேலைக்குச் சேர்ற அன்னிக்கு ஒட்டறது, வேலை முடிஞ்சு ஊருக்குப் போறப்பத்தான் எடுக்கறது. நடுவுல எடுத்து எடுத்து ஒட்டுனா ஆகாதுங்க. நிறுத்தறதா இருந்தாலும் வாரக்கணக்குல கொஞ்சங் கொஞ்சமாக் குறைச்சுத்தான் நிறுத்தோணும். டாக்டரு கண்டிப்பாச் சொல்லியிருக்காரு. டக்குனு நிறுத்துனா அமுக்கி வெச்சதெல்லாம் ஒண்ணாக் கிளம்பிருமாம்.”

“இதுக்கு யார் அனுமதி கொடுத்தது?”

சபரிநாதன் அவளை வியப்போடு பார்த்தார். “உங்க ஆணையந்தானுங்களே. நாங்க ஒட்டிவிடறதோட சரி. கூட்டறது, குறைக்கறது எல்லாம் சென்னையில உங்க கட்டுப்பாட்டு அறையிலதான். உங்களுக்குச் சொல்லலீங்களா?”

சொல்லவில்லை. எப்சிபா தண்ணீர் வாங்கிக் குடித்தாள்.

“விபத்து?”

“அப்பப்ப நடக்குதுங்க.”

“அப்ப எத்தனை நாள் வேலை நிற்கும்?”

“நிக்கறதில்லீங்க” என்றார் சபரிநாதன். சொன்ன பிறகு அந்தச் சொல் அவருக்கே ஒரு மாதிரி இருந்திருக்க வேண்டும். பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பினார். “மத்த சைட்டுல ஒருத்தன் விழுந்தா மத்தவனெல்லாம் இறங்கிருவான். ரெண்டு நாள் ஒருத்தனும் ஏற மாட்டான். இங்க எட்டிப் பாப்பாங்க. பொணத்தை எடுத்துட்டுப் போவாங்க. அப்பறம் வேலையைப் பாப்பாங்க. பொண்டாட்டி புள்ளைங்க அழுவாங்கதான். ஆனா கூட வேலை செஞ்சவங்க யாரும் நிக்கறதில்லை. அதுதானுங்க நாங்க முன்னாடி போற ரகசியம். வேற ஒண்ணுமில்லை.”

“நீங்க போட்டிருக்கீங்களா?”

“எனக்கெதுக்குங்க. நான் மேல ஏறறதில்லையே.”

அவர் கெட்டவரில்லை என்பது எப்சிபாவுக்குத் தெரிந்தது. போன இரண்டு கோடைகளிலும் மின்சாரம் இல்லாமல், வெக்கையில், நகரங்களில் மூடிய வீடுகளுக்குள்ளேயே ஆட்கள் செத்தார்கள். ஆஸ்பத்திரிகளில் மின்விசிறி ஓடவில்லை. அடுத்த கோடைக்குள் புதிய நிலையங்கள் ஓட வேண்டும் என்று அரசு கெடு வைத்திருந்தது. தாமதம் என்ற சொல்லைக் கேட்டாலே ஆணையத்தில் எல்லாருக்கும் முகம் மாறும். அவளுக்கும்தான். இங்கே தாமதம் இல்லை. ஆனால் அந்த அறையைவிட்டு வெளியே வந்தபோது, வெயிலில் சாவகாசமாக நடந்துபோன நூற்றுக்கணக்கான ஆட்களுக்கு நடுவில் தான் ஒருத்திதான் பயந்துகொண்டிருக்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. கிரேன் தூக்கிய இரும்புத்தூண் தலைக்கு மேலே ஊஞ்சலாடிப் போனது. அவள் ஓடி ஒதுங்கினாள். மற்றவர்கள் அதன் நிழலுக்குள்ளேயே நடந்துபோனார்கள்.

அன்று சாயங்காலம் விருந்தினர் விடுதி வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். இடுப்பில் நாலு வயதுப் பெண் குழந்தை. குழந்தையை இறக்கிவிடாமலே பேசினாள்.

“யக்கா, மெட்ராஸ்ல இருந்து வந்த ஆபீசர் நீங்கதானே? எம்பேரு பேச்சி. எங்க வீட்டுக்காரவுக பாய்லர்ல ஃபிட்டர். இசக்கிமுத்துன்னு பேரு.”

பேச்சு எப்சிபாவின் ஊர்ப் பக்கத்துப் பேச்சு. “உள்ள வா. உக்காரு. என்ன விசயம்?” என்று அவளும் அந்தப் பேச்சுக்கே மாறினாள்.

பேச்சி உட்காரவில்லை. “அவுக முந்தி ரொம்பப் பயந்த மனுசன்க்கா. பிள்ளை ரெண்டு தரம் இருமுனாப் போதும், தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவாவ. நான் கடைக்குப் போயி வர நேரமாச்சுன்னா தெரு முக்குல வந்து நிப்பாவ. அந்தப் பட்டையை ஒட்டுனதுல இருந்து அதெல்லாம் போச்சு. போன மாசம் பிள்ளைக்குக் காய்ச்சல். கண்ணு சொருகிருச்சு. நான் கெடந்து அலறுதேன். அவுக, சரியாப் போயிரும்ட்டின்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துட்டாவ. நல்லா ஒறங்கினாவக்கா. கொறட்டை விட்டு.”

குழந்தை எப்சிபாவின் கழுத்துச் சங்கிலியையே பார்த்துக்கொண்டிருந்தது.

“அதுக்குப் பொறவு கடல் பொங்கி நின்னுச்சே, யாரும் கரைக்குப் போகாதீயன்னு சொன்னாவல்லா, அன்னிக்கு இவளைத் தோள்ல வச்சிக்கிட்டு எறங்கிட்டாவ. பிள்ளை ஆசைப்பட்டுச்சாம். நான் பின்னாலயே ஓடுதேன், கத்துதேன். திரும்பிப் பாத்துச் சிரிக்காவ. அலை வந்து மூடிருச்சு ரெண்டு பேரையும். நான்தான் போயி முடியைப் பிடிச்சு இழுத்தேன் பிள்ளையை. அவுக எந்திரிச்சு வாயில இருந்த மண்ணைத் துப்பிட்டு, என்னத்துக்கு அழுதே, பிள்ளைதான் கெடைச்சிருச்சேங்காவ.”

“அடிக்கிறாரா? குடிக்கிறாரா?”

“ஒண்ணுங் கிடையாது. முன்னைக்கு இப்ப சிரிச்ச முகந்தான். எம்மேல பாசமாத்தான் இருக்காவ. ஆனா நாங்க இல்லாமப் போயிருவோம்கிற நெனைப்பே அவுகளுக்கு இல்லக்கா. நாளைக்கு நான் செத்துக் கெடந்தாலும் தாண்டிப் போயி சோத்தைப் போட்டுத் திம்பாவ. அதை நெனைச்சா எனக்கு ஈரக்கொலை நடுங்குது. அந்த வீட்டுல பயப்படுத ஆளு நான் ஒருத்திதான். எல்லாத்துக்கும் நானே பயப்பட வேண்டியிருக்கு.”

எப்சிபா குழந்தையின் பெயரைக் கேட்டாள். சங்கரி என்றாள் பேச்சி.

மறுநாள் காலை டீ நேரத்தில் எப்சிபா இசக்கிமுத்துவைத் தேடிப் போனாள். முந்தின நாள் உத்தரத்தின் மேல் டம்ளரோடு நடந்தவன் அவன்தான் என்பது பார்த்ததும் தெரிந்தது. மெலிந்த ஆள், களையான முகம். இடது காதுக்குப் பின்னால் பட்டை.

“பேச்சி வந்து சொல்லியிருப்பாளே” என்றான் சிரித்துக்கொண்டே. கோபம் இல்லை. “மேடம், இதைக் கழட்டச் சொல்லிராதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும். நான் சின்னப் பிள்ளையில இருந்து பயந்து பயந்தே வளந்தவன். போலீசைக் கண்டா பயம், மேஸ்திரியைக் கண்டா பயம், நாளைக்கு வேலை இருக்குமாங்கிற பயம். இப்பத்தான் நெஞ்சுல இருந்து கல்லை எறக்கி வச்ச மாதிரி இருக்கு. எங்கள மாதிரி ஆளுகளுக்கு இது வரம்.”

அவன் பொய் சொல்லவில்லை. எப்சிபாவால் அதை மறுக்க முடியவில்லை.

“பிள்ளையை அன்னைக்குக் கடல்ல இறக்கினீங்களே.”

“ஆமா. பிடிச்சிருந்தேனே.”

“கை நழுவியிருந்தா?”

இசக்கிமுத்து யோசித்தான். கடைக்காரர் பாக்கி இருக்கும் சரக்கை யோசிப்பதுபோல, நிதானமாக.

“நழுவியிருந்தா போயிருக்கும்” என்றான். டீயைக் குடித்து முடித்துவிட்டு, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, படியேறப் போனான்.

எப்சிபா மதியத்துக்குள் சென்னைக்கு எழுதி அனுப்பினாள். வேலை வேகமாக நடப்பதன் காரணம் இது, இதை வேறு எந்த இடத்துக்கும் கொண்டுபோகக் கூடாது, இங்கேயும் ஆட்களைக் கீழே இறக்கி வைத்துக்கொண்டு, மருத்துவர் பார்வையில், வாரக்கணக்கில் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்த வேண்டும் என்று. வாதாட வேண்டியிருக்கும் என்று தயாராக இருந்தாள். ஆணையத்தில் ஒரு முடிவு வருவதற்குள் பருவம் மாறிவிடும் என்பது அவள் அனுபவம்.

அடுத்த நாள் முற்பகலிலேயே வேதமூர்த்தி திரையில் வந்தார். கண்காணிப்புப் பிரிவின் இயக்குநர். அவளை வேலைக்கு எடுத்தவர், பெண்கள் வெளியூர் போனால் போய்ச் சேர்ந்தாயா என்று கூப்பிட்டுக் கேட்கும் மனிதர்.

“படிச்சேம்மா. நீ சொல்றது சரிதான். நிறுத்திடலாம்” என்றார்.

எப்சிபாவுக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. “ரொம்ப நன்றி சார். ஆனா உடனே வேண்டாம். முதல்ல எல்லாரையும் கீழே இறக்கணும். அப்புறம் டாக்டரை வெச்சுக்கிட்டு மெதுவா...”

“அதெல்லாம் பார்த்துக்கலாம்மா. நீ கவலைப்படாதே.”

திரை அணைந்தது. அவர் முகத்தில் இருந்த அந்த அமைதி அவளுக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. சபரிநாதனிடம் சொல்வதற்காக முற்றத்தைக் கடந்து நடந்தாள்.

பாதி தூரம் போயிருப்பாள். சத்தம் நின்றது. சுத்தியல், கிரைண்டர், கிரேன், ஆட்களின் கூப்பாடு, எல்லாம் ஒரே சமயத்தில் நின்றுபோனது. கடலின் இரைச்சல் மட்டும் கேட்டது. அதன்பிறகு மேலேயிருந்து ஓர் ஓலம் வந்தது. ஒருவர் குரலில்லை. பல பேர் தொண்டையிலிருந்து ஒரே நேரத்தில் கிளம்பிய குரல்.

கீழே நின்றவர்கள் அப்படியே தரையில் உட்கார்ந்தார்கள். சிலர் குப்புறப் படுத்து மண்ணைப் பிடித்துக்கொண்டார்கள். கிரேன் ஓட்டுநர் தன் அறையின் தரையில் சுருண்டு முகத்தை மூடிக்கொண்டார். கொக்கியில் தொங்கிய இரும்பு அவர் கவனிப்பில்லாமல் மெல்ல ஆடியது. இரும்புச் சட்டகத்தின் உச்சியில், உத்தரங்களோடு உத்தரமாக ஆட்கள் ஒட்டிக்கொண்டு கிடந்தார்கள்.

சபரிநாதன் போனும் கையுமாக வெளியே ஓடிவந்தார். முகம் வெளுத்திருந்தது. “நிறுத்திட்டாங்கம்மா. சொல்லாமக் கொள்ளாம நிறுத்திட்டாங்க. திரும்பப் போடச் சொன்னா, முடியாதாம். ஒவ்வொரு ஆளுக்கும் புதுசா அளவெடுத்துத்தான் போடோணுமாம். தீயணைப்பு வண்டி டவுன்ல இருந்து வரோணும்.”

“மேல போய்க் கூட்டிட்டு வர யாராவது இருக்காங்களா?”

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். ஏறத் தெரிந்த ஆட்கள் எல்லாருக்கும் பட்டை இருந்தது. எல்லாரும் தரையில் கிடந்தார்கள்.

எப்சிபா படிகளைப் பார்த்தாள். படிக்குக் கீழே யாரும் போடாமல் கிடந்த பெல்ட்டுகளில் எடுக்க முடிந்ததை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒரு கையால் கம்பியைப் பிடித்தாள். பிறகு மறு கை. பிறகு கால்.

அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். விரலைப் பார்ப்பது. பாட்டை முணுமுணுப்பது. பயம் போகும் என்று காத்திருக்காமல் பயத்தோடு அடுத்த கம்பியைப் பிடிப்பது. பாதி உயரத்தில் நின்று குமட்டலை அடக்கிக்கொண்டாள். காற்று அவளைப் படியிலிருந்து பிய்த்தெறிவதுபோல் வீசியது. தனக்குப் பின்னால் இன்னொரு மூச்சு கேட்டது. சபரிநாதன் ஏறிக்கொண்டிருந்தார். “என்னால இதுக்கு மேல முடியாதுங்க. நான் இங்கயே நிக்கறேன். நீங்க அனுப்புனா நான் புடிச்சுக்கறேன்” என்று அழுகிற குரலில் சொன்னார். அந்தத் தளத்திலேயே கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்.

உச்சியில் முதலில் பார்த்தது ஒரு இளம் வெல்டரை. ஜார்க்கண்ட்காரன், சுக்ராம் என்று சட்டையில் எழுதியிருந்தது. உத்தரத்தின் மேல் மண்டியிட்டிருந்தான். கண் விரிந்து இவளைப் பார்த்தது. அவள் கையை நீட்டினாள். “ருக்கோ. அப்படியே இரு” என்று தெரிந்த இந்தியில் சொன்னாள். அவனுக்குக் காதில் எதுவும் ஏறவில்லை. அங்கிருந்து தப்பிக்க வேண்டும் என்பது மட்டும்தான் அவனுக்குள் இருந்தது. எழுந்து ஓடினான். தரையில் ஓடுவதைப்போல, படியை நோக்கி, அந்த ஓரடி அகலத்தில். மூன்றாவது எட்டில் கால் உத்தரத்துக்கு வெளியே போனது.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கீழேயிருந்து சத்தம் வரும்வரை மூடியே இருந்தாள். அப்போது அவளும் அந்த இரும்பைக் கட்டிக்கொண்டு படுத்துவிட்டாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. இனி ஓர் அங்குலமும் நகர முடியாது என்றுதான் தோன்றியது.

பக்கத்தில் யாரோ, “அம்மா, அம்மா” என்று சொல்லிக்கொண்டே இருந்தது காதில் விழுந்தது. தலையைத் திருப்பினாள். அடுத்த உத்தரத்தில் இசக்கிமுத்து. கன்னத்தை இரும்பில் பதித்துக் குப்புறக் கிடந்தான். உடம்பு முழுவதும் உதறியது.

“இசக்கி. என்னைப் பாரு. நானும் பயந்துதான் கெடக்கேன். பாரு, எங்கையைப் பாரு.”

அவன் பார்த்தான். அவள் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

“இது நிக்காது. நிக்கணும்னு காத்துக்கெடக்காதே. நடுங்குனபடிக்கே புடிக்கலாம். மொதல்ல எடது கையை நகத்து. விரலை மட்டும் பாரு. கீழ பாக்காதே. ஏதாச்சும் பாடு.”

“வரமாட்டேங்கு மேடம்.”

“பிள்ளைக்கு என்ன பாட்டு பாடுவே?”

அவன் வாய் அசைந்தது. நிலாவைப் பார்த்துப் பாடும் பாட்டு, பாதியில் அறுந்து அறுந்து வந்தது. ஒரு கை நகர்ந்தது. பிறகு முழங்கால். அவள் ஊர்ந்துபோய் அவன் இடுப்பில் பெல்ட்டை மாட்டினாள். அவன் படியைத் தொட்டதும், அதைப் பார்த்துக்கொண்டிருந்த அடுத்த ஆள் தன் கையை ஓர் அங்குலம் நகர்த்தினான். எப்சிபா அவனிடம் போனாள். பிறகு அடுத்தவனிடம். ஒவ்வொருவரிடமும் அதையேதான் சொன்னாள், நானும் பயந்துதான் இருக்கேன், கையைப் பாரு என்று. சபரிநாதன் ஒவ்வொருவரையும் வாங்கிக் கட்டிப்பிடித்துக் கீழே அனுப்பினார். தீயணைப்பு வண்டி வந்தபோது உச்சியில் யாரும் மிச்சமில்லை.

கீழே பேச்சி குழந்தையோடு கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். இசக்கிமுத்து அவளைப் பார்த்ததும் நடக்கவில்லை, தவழ்ந்தே போனான். வேலிக் கம்பிக்குள் கையைவிட்டுக் குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டான். “கடல்ல கொண்டுபோனேனே, நான் கடல்ல கொண்டுபோனேனே” என்று திரும்பத் திரும்பச் சொன்னான். மாதக்கணக்காகப் பட வேண்டிய பயமெல்லாம் ஒரே நாளில் வந்திருந்தது. பேச்சி அவன் தலையில் கை வைத்திருந்தாள். குழந்தைதான் மிரண்டு அழுதது. அப்பா அழுவதை அது அதுவரை பார்த்ததில்லை.

சுக்ராமின் உடலை ஊருக்கு அனுப்பிவைத்த பிறகு எப்சிபா சென்னைக்குப் போனாள். ரயிலில் அவள் கண்ணையே மூடவில்லை. வேதமூர்த்தியிடம் என்னென்ன கேட்பது என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டே வந்தாள். அவர் குரலை உயர்த்தினால் தானும் உயர்த்துவது, வேலை போனால் போகட்டும் என்று முடிவு செய்திருந்தாள்.

கட்டுப்பாட்டு அறையில் அவர் தனியாகத்தான் இருந்தார். சுவர் முழுக்கத் திரைகள். ஒவ்வொன்றிலும் ஒரு மின் நிலையம் எழும்பிக்கொண்டிருந்தது. காலை வெயில். உத்தரங்களின் மேல் எறும்புபோல ஆட்கள்.

“வாம்மா. கஷ்டப்பட்டுட்டே. உக்காரு” என்றார். பரிவான குரல்தான்.

“ஆளுங்க மேல இருக்கும்போது ஏன் சார் நிறுத்தினீங்க? நான் எழுதியிருந்தேனே. சொன்னேனே.”

“எழுதியிருந்தே. படிச்சேன்.”

“படிச்சுட்டுமா?”

“மேல இருக்காங்கன்னு தெரியும்மா. ஆனா அதனால ஏதாவது ஆகும்னு தோணலை.” அவர் அதைத் தயக்கமில்லாமல் சொன்னார். சமாளிக்கவில்லை, மழுப்பவில்லை. “ஒருத்தன் போயிட்டான்னு சொன்னாங்க. தப்புதான்.”

பேசிக்கொண்டே திரையின் பக்கம் திரும்பினார். நரைத்த முடிக்குக் கீழே, காதுக்குப் பின்னால், தோல் நிறத்தில் ஒரு பட்டை இருந்தது.

எப்சிபா அந்தப் பட்டையையே பார்த்தாள். “சார், நீங்க எப்போ இருந்து...”

“இதுவா?” அவர் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். “உப்புக்கரை ஆளுங்களுக்கு ஒட்டறதுக்கு முன்னாலேயே. முடிவெடுக்கறதுல ஆகிற தாமதம்தான் இருக்கறதுலயே பெரிய தாமதம்னு ஒரு ஆய்வுல வந்துது. கையெழுத்துப் போட எல்லாரும் பயப்படறாங்களாம். அதனால ஆணையத்துல மேல இருக்கிற எல்லாருக்கும் கொடுத்தாங்க. நல்லாத்தான் இருக்கும்மா. ராத்திரி தூக்கம் வருது.”

“கழட்டிடுங்க சார். டாக்டரைப் பார்த்து, மெதுவா.”

“கழட்டலாம்” என்றார் வேதமூர்த்தி. உண்மையாகவே யோசித்தார். “ஆனா கழட்டறதுக்கு ஒரு காரணம் தோணணும் இல்லையா? எனக்கு எதுவும் தோண மாட்டேங்குது.”

பிறகு நினைவு வந்தவர்போல, “நீ வந்ததும் நல்லதாப் போச்சு. மத்த சைட்டுங்கள்லயும், உன் அறிக்கைக்குக் காத்திருக்காம, போன மாசமே ஒட்டிட்டோம். நீ எழுதினபடி அங்கேயும் நிறுத்திடலாம்னு முடிவு பண்ணியாச்சு” என்றார்.

“எப்போ சார்?”

“இப்பத்தான்.”

அவர் விரல் பட்டைகளை நிறுத்துவதற்காக மேசையிலிருந்த தொடுதிரையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. எப்சிபா பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“மேல இருக்காங்க சார்.”

வேதமூர்த்தி திரைகளைப் பார்த்தார். “ஆமா, இருக்காங்க” என்றார்.

கையை அவர் இழுத்துக்கொள்ளவில்லை. கோபப்படவும் இல்லை. அவள் அடுத்து என்ன சொல்லப்போகிறாள் என்று அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் விரலுக்குக் கீழே அவர் நாடி நிதானமாக, சீராக ஓடியது. அவளுடைய கை தடதடவென்று உதறியது.

“சார், கொஞ்ச நேரம் அப்படியே இருங்க. எதையும் தொடாதீங்க.”

“சரிம்மா.”

மறு கையால் மேசை மேலிருந்த போனை எடுத்தாள். முதல் திரையின் கீழே இருந்த எண்ணை அழுத்தினாள். அந்தப் பக்கம் ஒரு மேலாளரின் குரல் வந்தது.

“ஆணையத்துல இருந்து பேசறேன். மேல இருக்கிற எல்லாரையும் இறக்குங்க. இல்ல, இப்பவே. இறங்கினதும் ஒவ்வொருத்தரையா பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்க. நான் லைன்லயே இருக்கேன். அவங்க குரல் எனக்குக் கேட்கணும்.”

திரையில் எறும்புகள் ஒவ்வொன்றாகக் கீழ்நோக்கி நகரத் தொடங்கின. போனில் பெயர்கள் கேட்டன. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குரல், “இருக்கேன்” என்றது. கடைசிப் பெயர் வரும்வரை எப்சிபா போனைக் காதைவிட்டு எடுக்கவில்லை. அதன்பிறகு அடுத்த எண்ணை அழுத்தினாள். சுவரில் இன்னும் நிறையத் திரைகள் இருந்தன. வேதமூர்த்தியின் மணிக்கட்டை அவள் விடவில்லை.